‘உல்டா புல்டா’ எஞ்சினியர்



மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன் செய்த கமிட்டி நண்பர், “டெக்னிக்கல் கட்டுரை மட்டும் வேண்டாம்டா, ஒருத்தரும் படிக்க மாட்டாங்க” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு எஞ்சினியரின் வரலாற்றை எழுதுகிறேன். நம்மைப் போலவே எலெக்ட்ரிகல் படித்தவர். ஆனால் ஊர் அறிந்தது அவர் போட்ட சர்க்யூட்டை அல்ல, அவர் போட்ட நாடகத்தை! பெயர் ஜஸ்பால் பட்டி.

1955-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி அமிர்தசரஸில் பிறந்தவர். படித்தது சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில். (நம்ம ‘மிஸ்டர் பீன்’ ரோவன் அட்கின்சனும் அதே 1955-ல் பிறந்து அதே எலெக்ட்ரிகல் படித்தவர்தான். அந்த வருஷத்துக் கரண்டில் ஏதோ விசேஷம் இருந்திருக்க வேண்டும்.) கல்லூரி நாட்களிலேயே ‘நான்சென்ஸ் கிளப்’ என்று ஒன்றைத் தொடங்கி, தெருவில் நின்று நாடகம் போட்டார்கள். ஊழலைக் கேலி செய்யும் நாடகங்கள். நம் ஹாஸ்டல் டேயில் மெஸ் சாம்பாரைக் கிண்டல் செய்து நாம் போட்ட நாடகம் நினைவிருக்கிறதா? அவர்கள் மெஸ்ஸோடு நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு சண்டிகரின் ‘தி ட்ரிப்யூன்’ நாளிதழில் கார்ட்டூன் வரைந்தார். எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் ‘உல்டா புல்டா’ என்ற சின்னச் சின்னத் துணுக்குக் காட்சிகள் வந்தன. உல்டா புல்டா என்றால் தலைகீழ். ஒவ்வொன்றும் சில நிமிஷம்தான். தலைப்பாகையும் தாடியுமாக, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் அவர் பேசுவார். பார்க்கிறவன் சிரிப்பான்.

1989-ல் வந்தது ‘ஃப்ளாப் ஷோ’. மொத்தமே பத்து எபிசோடுகள். தயாரித்தவர் அவர் மனைவி சவிதா பட்டி. திரையிலும் மனைவியாக அவரே நடித்தார். விவேக் ஷௌக் வாராவாரம் ஒரு வேஷத்தில் வருவார். பெரிய செட் கிடையாது, பெரிய பணமும் கிடையாது. டைட்டிலில் ‘இயக்கம்’ என்று போட வேண்டிய இடத்தில் ‘தவறான இயக்கம்: ஜஸ்பால் பட்டி’ என்று போட்டுக்கொண்டார். ஒவ்வொரு எபிசோடும் யாரைக் கிண்டல் செய்கிறதோ அவர்களுக்கே பயபக்தியோடு சமர்ப்பணம் செய்யப்படும். முடிவில் ஒரு ஹிந்தி சினிமாப் பாட்டின் மெட்டில் கேலிப் பாட்டு.

அது எந்தக் காலம் என்பதையும் யோசிக்க வேண்டும். பஞ்சாபில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். இருட்டினால் வெளியே போகப் பயந்த ஜனங்கள். அந்த மண்ணிலிருந்து ஒரு சீக்கியர் வந்து நாடு முழுவதையும் சிரிக்க வைத்தது சின்ன விஷயம் இல்லை.

எதை வைத்துச் சிரிக்க வைத்தார்? பொய் மருத்துவ பில் கொடுத்துப் பணம் வாங்கும் அரசு ஊழியர்கள், ஆராய்ச்சி மாணவனை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் பிஎச்.டி. கைடு, செத்துக் கிடக்கும் டெலிபோன், ஒன்றுமே முடிவாகாத ஆபீஸ் மீட்டிங், கான்ட்ராக்டர்கள். மந்திரியைத் திட்டுவது சுலபம், எல்லோரும் கை தட்டுவார்கள். பட்டி கை வைத்தது சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும் நடுத்தர வர்க்கத்தின் சின்னச் சின்னத் திருட்டுகளில். அதாவது நம் மேல்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு அது நேரடியாகப் பட்டது.

‘ஃப்ளாப் ஷோ’ வந்த வருஷம்தான் நான் பிறந்தேன். 2010-ல் நம் கல்லூரியை விட்டு வெளியே வந்து, 2012-ல் வேலைக்காகப் பஞ்சாப் போனேன். ஒரு கட்டடத்துக்குப் பூமிக்கடியில் கேபிள் போடும் சைட். என்னோடு இருந்த வயதான சூப்பர்வைசர், உள்ளூர்க்காரர், ஒருநாள் ராத்திரி என் லாப்டாப்பில் ‘ஃப்ளாப் ஷோ’ கான்ட்ராக்டர் எபிசோடைப் போடச் சொன்னார். எனக்குப் பாதி ஹிந்திதான் புரியும், மீதியை அவர் நிறுத்தி நிறுத்தி விளக்குவார். வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் அவர் மெதுவாக, “பேட்டா, இன்னிக்கு நீ கையெழுத்துப் போட்டியே, அந்த பில் எத்தனை மீட்டர்?” என்று கேட்டார்.

420 மீட்டர். பள்ளத்தை மூடிய பிறகு யார் அளப்பது என்று, கொடுத்த கணக்கில் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆனால் கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருக்கும். இந்த முனை எண்ணிலிருந்து அந்த முனை எண்ணைக் கழித்தால் நீளம் வந்துவிடும். நமக்குத் தெரியாததா? மறுநாள் காலை இரண்டு முனையையும் போய்ப் பார்த்தேன். 368. பில்லைத் திருப்பி வாங்கினேன். “நேத்து சரியா இருந்தது இன்னிக்கு எப்படித் தப்பாச்சு?” என்று மேலே இருந்தவர் கத்தினார். இரண்டு மாதத்தில் வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வருத்தம்தான். பொய் சொல்ல விரும்பவில்லை, அப்போது நான் ஒன்றும் வீரனாக உணரவில்லை.

பட்டி பின்னாளிலும் சும்மா இருக்கவில்லை. 1999-ல் பஞ்சாப் போலீசைக் கிண்டல் செய்து ‘மாஹௌல் டீக் ஹை’ என்ற பஞ்சாபிப் படம் எடுத்தார். ‘ஃபனா’ (2006) போன்ற ஹிந்திப் படங்களில் நடித்தார். 2009-ல் விலைவாசியைக் கண்டித்துச் சண்டிகரில் ஒரு திருவிழாவே நடத்தினார். பொருட்காட்சியில் வளையம் வீசிப் பரிசு பிடிப்போமே, அந்த மாதிரி. பரிசுப் பொருள் காய்கறியும் பருப்பும்!

கடைசியாக, தான் படித்த பாடத்துக்கே திரும்பினார். பஞ்சாபின் மின்வெட்டைக் கேலி செய்யும் ‘பவர் கட்’ என்ற படம், மகன் ஜஸ்ராஜ் கதாநாயகன். படம் வெளியாவதற்கு முந்தின நாள், 2012 அக்டோபர் 25 விடியற்காலை, அதன் விளம்பரப் பயணத்தில் ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே கார் விபத்தில் இறந்துபோனார். வயது 57. 2013-ல் மறைவுக்குப் பின் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது.

அன்று காலை சைட்டில் யாரும் சரியாக வேலை செய்யவில்லை. சூப்பர்வைசர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே நின்றார்.

நண்பர்களே, நம்மில் பலர் இன்று பில்லில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். பத்து எபிசோடுகள்தான், நேரம் கிடைக்கும்போது பாருங்கள். நன்றாகச் சிரியுங்கள். எந்த இடத்தில் சிரிப்பு சட்டென்று நிற்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

– 2010-ம் ஆண்டு மின்னியல் பிரிவு மாணவன்