மலையேறும் இதயமும் மாத்திரை அளவும்

கொல்லிமலை என்றதும் நினைவுக்கு வருவது 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும்தான். அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம். திரும்பி ஏறும்போதுதான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உடம்பில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரட்டுகிற வேலை அது.

அதே படிகளில் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் ஏறினால்? இதயம் அவ்வளவு வேகமாக அடிக்காது. ஆனால் உடம்பு சீக்கிரம் களைத்துப் போகலாம். சிலருக்குக் கை கால் சில்லிட்டுப் போகும். சிலருக்குத் தூக்கத்தில் கெட்ட கனவு வரும். "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று தாங்களாகவே நிறுத்தி விடுகிறவர்களும் உண்டு. அது சரியா? இந்த மருந்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1948-இல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலின் வேலை செய்ய உடம்பில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை வாசல்கள் இருப்பதாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ஆக்சிஜனைக் கூட்டிக் கொடுப்பதற்குப் பதில், இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று யோசித்தார். வரவு கூடாதபோது செலவைக் குறைக்கிற அதே கணக்கு!

முதலில் வந்த புரோனெதலால் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனலால் 1965-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மருந்து கிடைத்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது? அங்கேதான் சிக்கல். புரோப்ரனலாலின் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்து விடுகிறது. அதனால் ஒரே அளவு மாத்திரையை விழுங்கினாலும் இரத்தத்தில் சேரும் அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியான அளவு இவருக்கும் சரியாக இருக்க வேண்டியதில்லை.

எல்லாப் பக்கவிளைவும் அளவைக் குறைத்தால் தீர்ந்துவிடாது என்பதும் உண்மை. பிராக்டலால் என்ற மருந்து பலரின் கண்களைக் கெடுத்ததால், 1975-இல் அதன் பொதுவான பயன்பாடு நிறுத்தப்பட்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இந்த வகை மாத்திரைகளில் எச்சரிக்கை தேவை.

அளவின் மகிமையைக் காட்டியது இதயச் செயலிழப்பு நோய். பலவீனமான இதயத்துக்கு இந்த மாத்திரை விஷம் என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். 1975-இல் சுவீடனின் வாக்ஸ்டைன் குழுவினர் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். உலகம் நம்ப இருபது வருடத்துக்கு மேல் ஆனது! 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் பிசோப்ரலாலை 1.25 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக 10 மில்லிகிராம் வரை ஏற்றினார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 17 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் அது சுமார் 12. விஷம் என்று ஒதுக்கப்பட்ட மருந்து, அளவறிந்து கொடுத்தபோது உயிரைக் காத்தது.

களைப்பு? 35,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை அலசிய 2002-ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்த மாத்திரையால் கூடுதலாகக் களைப்படைந்தவர்கள் ஆண்டுக்கு 1,000 பேரில் 18 பேர். மனச்சோர்வு குறிப்பிடும்படி கூடவில்லை. அந்த 18 பேரின் களைப்பு பொய்யல்ல. ஆனால் எல்லாக் களைப்புக்கும் மாத்திரையே காரணம் என்றும் சொல்ல முடியாது.

திடீரென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அடக்கி வைத்த இதயம் திமிறிக்கொண்டு ஓடும். நெஞ்சுவலியும் மாரடைப்பும் வந்த நிகழ்வுகள் 1970-களிலேயே பதிவாகியுள்ளன.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிறவரிடம் "களைப்பாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால், அது மருத்துவர் காதுக்குப் போகும். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கும் மாற்றலாம்.

கொல்லிமலையின் அந்த 70 வளைவுப் பாதையில் ஏறினாலும் இறங்கினாலும் எல்லா வளைவுகளையும் கடந்தே ஆக வேண்டும். இந்த மாத்திரையும் அப்படித்தான். ஏற்றுவதும் மெதுவாக, இறக்குவதும் மெதுவாக!