ஏவிய நாயை மீட்டழைத்தல்

ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் ஆலங்காயமும் தெற்கே செங்கமும் அமைந்த நிலப்பகுதி, ஆநிரைகளே பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்ட மேய்ச்சல் நாடாகப் பல்லவர் காலத்தில் விளங்கியது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் மாண்டவர்களுக்கு ஊரார் நட்ட நினைவுக்கற்களாகிய நடுகற்கள் இங்கு மிகுதி. அவற்றுள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பாக 1972இல் வெளியிட்டது.

அக்கற்களுள் எடுத்தனூர்க் கல் தனித்த சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு நடப்பட்ட அந்தக் கல்லில், அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருப்பதோடு, கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. கடித்ததோடு நில்லாமல் காத்து நின்றதையும் கல் பதிவு செய்திருப்பது கருதத்தக்கது. ஏனெனில் கள்வரைத் துரத்தியவாறே காட்டுக்குள் ஓடி மறையும் நாய் எவ்வளவு வீரமுடையதாயினும், அதனால் மந்தைக்குக் காவல் இல்லை. அந்நாய்க்கு அளிக்கப்பட்ட பயிற்சி பற்றிக் கல் எதுவும் கூறவில்லை என்றாலும், பெயரிட்டு வளர்க்கப்பட்ட நாய் பெயர் சொல்லி அழைக்கப்பட்டும் இருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. நாய்ப்பெயர் எளிதில் கூவி அழைக்கத்தக்க குறுகிய பெயராக இருக்கவேண்டும் என்று கிரேக்க எழுத்தாளர் செனோஃபோன், வேட்டை பற்றிய தம் நூலில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறார்.

வேட்டை நாயின் மரபோ வேறு. ஆலங்காயமும் ஒரு காலத்தில் அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தின் தக்கோலத்தில், 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரின் தொடர்ச்சியாக, மணலேரன் என்னும் வீரன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்றது காளி என்ற வேட்டைநாயை. அது காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானும் மடிந்ததைக் கன்னட நாட்டின் ஆதகூர்க் கல்வெட்டு கூறுவதோடு, அந்நினைவுக்கல்லின் வழிபாட்டுக்கு நிலம் விடப்பட்டதையும் குறிப்பிடுகிறது. ஏவிய நாய் இரையை விடாமல் பற்றுவதே இங்கு பெருமை. மீண்டு வருவது எதிர்பார்க்கப்படவே இல்லை.

இந்தப் பெருமை குற்றமாக மாறியது சட்டத்தின் வழியே. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், அரசு எல்லையிட்டுக் காக்கும் காப்புக்காடுகளில் மேய்ச்சலையும் வேட்டையையும் கட்டுப்படுத்தியது. நடுகற்கள் நூலாக வெளிவந்த அதே 1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், விலங்குகளைத் துரத்துவதையும் வேட்டை என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. எனவே முயலின் பின்னே ஓடும் நாயைத் திரும்ப அழைக்கும் திறம், மலையடிவாரத்தில் நாய் வளர்ப்போருக்கு முன்னில்லாத இன்றியமையாமையைப் பெற்றது.

இத்திறத்தைப் பயிற்றுவதற்கு அடிப்படையான, நற்பயன் தரும் செயலையே விலங்கு மீண்டும் செய்யும் என்னும் உண்மையை, அடைப்புப் பெட்டிகளில் பூனைகளையும் நாய்களையும் வைத்துச் சோதித்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பின்னர் இது விளைவு விதி எனப்பட்டது. துரத்தல் நாய்க்குத் தானே ஒரு நற்பயனாக இருப்பதால், தாமதமாகத் திரும்பிய நாயை அடிக்கும் பரவலான வழக்கம், ஓடியதைத் தண்டிக்காமல் வந்ததையே தண்டிக்கிறது. இக்காலப் பயிற்சியில் நீண்ட கயிற்றில் நாய் உலவ விடப்பட்டு, ஒரே சொல்லால் அல்லது ஒரே சீழ்க்கையால் ஒருமுறை மட்டும் அழைக்கப்பட்டு, வந்தவுடன் இறைச்சித் துண்டு பெற்று மீண்டும் உலவச் செல்கிறது. அழைப்பு ஒவ்வொரு முறையும் உலாவின் முடிவாக அமைந்தால் நாய் வரத் தயங்கும். அழைப்பை மீறி ஓடித் துரத்தலின் இன்பத்தை நாய் பெற்றுவிடாமல் தடுப்பதே கயிற்றின் பணியாதலால், மான் குறுக்கிடக்கூடிய காட்டோரப் பாதைகளில் பயிற்சி முதிர்ந்த நாய்க்கும் அது அவிழ்க்கப்படுவதில்லை.