சிம் அட்டைக் கேமரா வாங்குகிறீர்களா? முத்திரையைப் பாருங்கள்
ஜொகூர், காஹாங் வட்டாரச் செம்பனைத் தோட்டங்கள் போன்ற இடங்களில், கம்பிவழி இணையம் எட்டாத கிடங்குக்கும் வீட்டுக்கும் சிம் அட்டை பொருத்திய கண்காணிப்புக் கேமரா கைகொடுக்கும். ஆனால், மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. பழைய 3ஜி கேமரா 2ஜிக்கு இறங்கினாலும் காணொளி அனுப்ப அந்த வேகம் போதாது.

4ஜி என்று எழுதியிருந்தால் மட்டும் போதுமா? போதாது. இங்கு 4ஜி இயங்கும் 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைக் கருவி ஏற்க வேண்டும். வேறு நாட்டுக்கெனத் தயாரான கருவி இவற்றில் சிலவற்றை ஏற்காமல் போகலாம்.

1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ், இத்தகைய கருவிகளுக்குச் சான்றிதழ் கட்டாயம். அலைவீச்சு அளவு, மின் பாதுகாப்பு போன்ற சோதனை முடிவுகளைப் பார்த்தே சிரிம் சான்றளிக்கிறது. அதன் அடையாளம்தான் கருவியிலுள்ள முத்திரை.

முத்திரை, அலைவரிசை இரண்டையும் பார்க்காமல் மலிவாக வாங்கினால், களவு நடக்கும் இரவில் கேமரா கைவிடலாம்.