வெறும் நிலத்தில் பிறந்த ஆட்டம்

கட்டில் 60 சீட்டு. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்று அறுபதும் அடிப்படை நிலச்சீட்டுகள். மேஜிக் என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள் வீட்டில் இவை கேட்பாரற்றுக் குவிந்து கிடக்கும். ஒரு மிருகம்கூட இல்லாத இந்தக் கட்டை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு மோமிர் பேசிக் என்று பெயர். குருட்டு அதிர்ஷ்டம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ, கணக்குப் போடத் தெரிந்தவரை இவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் சீட்டாட்டம் வேறு இல்லை.

1997-இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வேன்கார்ட் என்ற பெரிய அளவுச் சீட்டுகளை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் மேஜிக் கதைமாந்தர் ஒருவர். அவரைத் தேர்ந்தெடுத்தால் தொடக்க உயிர்ப்புள்ளியும் கைச்சீட்டின் எண்ணிக்கையும் மாறும். தனிச் சக்தி ஒன்றும் கிடைக்கும். 2002-இல் மேஜிக் ஆன்லைன் வந்த பிறகு, திரையில் ஆட்டக்காரரின் முகமாக நிற்கும் அவதாரங்களுக்கு அந்தப் பழைய விதியைப் பொருத்தினார்கள். 2006-இல் டிசென்ஷன் தொகுப்பில் அறிமுகமான மோமிர் விக்கும் அப்படி ஓர் அவதாரமானார். ராவ்னிகா நகரத்தில், உயிர்களைக் கலந்து புது உயிர் செய்யும் சிமிக் குழுவின் தலைவர் அவர்.

அவர் சக்தி இதுதான்: கையிலிருந்து ஒரு சீட்டைக் கழித்து, நிலங்கள் தரும் மானாவில் விரும்பிய அளவு செலுத்தினால், அதே விலையுள்ள ஏதோ ஒரு மிருகத்தின் நகல் களத்துக்கு வரும். எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முறைக்கு ஒரு தடவைதான். ஆயிரக்கணக்கான மிருகச் சீட்டுகளிலிருந்து நொடியில் ஒன்றைப் பொறுக்கிப் போட கணினியால்தான் முடியும். கழிக்கும் சீட்டு எதுவானாலும் சரி என்பதால், கட்டில் நிலத்தைத் தவிர வேறொன்றும் தேவைப்படவில்லை. மோமிர் பேசிக் பிறந்தது அங்கேதான்.

இனி உத்தி. ஒவ்வொரு முறையும் ஒரு நிலம் இறக்க வேண்டும், ஒரு சீட்டைக் கழிக்க வேண்டும், எடுப்பதோ ஒன்றுதான். ஆக, கை முறைக்கு ஒன்றாகத் தேயும். இரண்டாவதாக ஆடுபவர் தொடக்கக் கைச்சீட்டோடு சேர்த்து எட்டாவது முறைக்குள் பார்ப்பது 15 சீட்டு. எட்டு நிலம் போக மிச்சம் ஏழு. அதனால் அவர் 1 மானா மிருகத்தை விட்டுவிட்டு இரண்டாம் முறையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஆடுபவருக்கு முதல் முறையில் சீட்டு எடுப்பது இல்லை, மொத்தம் 14. அவர் 1, 2 இரண்டையும் விட்டு மூன்றில் தொடங்க வேண்டும். இந்த ஒழுங்கில் போனால் எட்டாம் முறை முடியும்போது இருவர் கையும் சரியாகக் காலியாகும். அதற்குப் பிறகு எடுக்கிற ஒரே சீட்டைக் கழித்து முறைதோறும் 8 மானா மிருகம் ஒன்றை இறக்கலாம்.

ஒன்பதுக்கு ஏறினால் என்ன? ஒன்பதாவது நிலம் இறக்க அந்த ஒரே சீட்டும் போய்விடும். அந்த முறை களத்துக்குப் புதிதாக எதுவும் வராது. பெரிய மிருகத்துக்கு ஆசைப்பட்டு ஒரு முறையை இழப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. எட்டில் நிற்பவரைத்தான் நான் மதிக்கிறேன்.

ஒவ்வொரு விலைக்கும் ஓர் ஆபத்து உண்டு. நாலில் ஈட்டர் ஆஃப் டேஸ் வந்தால், பறக்கும் பெரிய மிருகம் கிடைக்கும். ஆனால் உங்களுடைய அடுத்த இரண்டு முறைகள் பறிபோகும். ஐந்தில் லெவலர் உங்கள் கட்டு முழுவதையும் ஆட்டத்தைவிட்டே நீக்கிவிடும். ஏழில் ஃபேஜ் இருக்கிறாள். கையிலிருந்து முறைப்படி ஆடாமல் அவள் களத்துக்கு வந்தால் அந்தக் கணமே தோல்வி, மோமிர் கொண்டுவருவதோ கையிலிருந்து அல்லவே. சிலர் இதற்குப் பயந்து ஏழாம் முறையில் ஆறு மானாவோடு நிறுத்திக்கொள்வார்கள். அது தேவையற்ற பயம். ஏழு விலையில் இருக்கும் அத்தனை மிருகங்களில் அவள் ஒருத்திதான்.

எந்த நிலத்தைக் கழிப்பது என்பதில்தான் கவனம் அதிகம் வேண்டும். களத்தில் ஐந்து வகையும் இருந்தால், வந்த மிருகம் எந்த நிற மானா கேட்டாலும் அதன் சக்தியை இயக்கலாம். ஆனால் நீங்கள் சதுப்பு வைத்திருந்தால், சதுப்பில் நடக்கும் எதிரி மிருகத்தை உங்களால் தடுக்க முடியாது. எதிரே என்ன நிற்கிறது என்று பார்த்தே அடுத்த நிலத்தை இறக்க வேண்டும். மிருகத்தையும் தாக்குதலுக்கு முன்பே அழைத்துவிடுவது நல்லது. வரும்போதே அது களத்தைப் புரட்டிப்போடலாம்.

பின்னாளில் மேஜிக் அரீனா என்ற இன்னொரு கணினி வடிவமும் மோமிரைச் சில நாள் மட்டும் திறக்கும் சிறப்பு ஆட்டமாகக் கொண்டுவந்தது. பழைய தொகுப்புகள் பல அங்கே இல்லை. அதனால் எந்த விலையில் எவை இருக்கின்றன, எவை கெடுக்கும் என்று புதிதாக எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கே அங்கு அனுகூலம். மேசையில் ஆட விரும்பியவர்களும் வழி கண்டுபிடித்தார்கள்: கடை ரசீது அச்சடிக்கும் சின்ன இயந்திரத்தைக் கைக்கணினியோடு இணைத்து, விலையைச் சொன்னதும் மிருகத்தைத் துண்டுக் காகிதத்தில் அச்சிட்டு ஆடுகிறார்கள்.