சூப்பர்மேன் எவ்ளோ வேகம்? எந்த வருஷத்து சூப்பர்மேன்?

நாலு காமிக்ஸ் பைத்தியங்கள் ஒண்ணா உக்காந்தா அரைமணி நேரத்துல இந்தச் சண்டை வந்துடும். சூப்பர்மேன் வேகமா, ஃப்ளாஷ் வேகமா? ஒளியை விட வேகமா பறப்பாரா, மாட்டாரா? ஆளாளுக்கு ஒரு இதழைச் சொல்லி அடிச்சுக்குவாங்க. கொடுமை என்னன்னா, எல்லாரும் சொல்றது சரியாவும் இருக்கும். ஏன்னா அந்த வேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கு மக்களே.

1938ல 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ்ல வந்தப்போ சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. எட்டுல ஒரு பங்கு மைல், அதாவது சுமார் 200 மீட்டர் தாவுவார். 20 மாடிக் கட்டடத்தைத் தாண்டுவார். எக்ஸ்பிரஸ் ரயிலை விட வேகமா ஓடுவார். வெடிக்கிற பீரங்கிக் குண்டை விடச் சின்னதா எதுவும் அவர் தோலைத் துளைக்காது. (அப்போ பீரங்கிக் குண்டு துளைக்கும்!) எறும்பும் வெட்டுக்கிளியும் செய்யலையா, அது மாதிரிதான்னு ஒரு விளக்கம் வேற.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காத்துத் தடையை மறந்துட்டு, 45 டிகிரியில தாவி 200 மீட்டர் தள்ளி இறங்கணும்னா, கிளம்பும்போது நொடிக்கு 44 மீட்டர் வேகம் வேணும். மணிக்கு சுமார் 160 கி.மீ. 2003 உலகக் கோப்பையில ஷோயப் அக்தர் போட்ட 161.3 கி.மீ. பந்து இதை விட ஒரு துளி அதிகம் :-) ஆக, ஆரம்ப கால சூப்பர்மேன் ராவல்பிண்டி எக்ஸ்பிரஸ் ரேஞ்சுதான்.

அப்புறம் எப்படிப் பறந்தார்? 1940ல ரேடியோ நாடகம் வந்துச்சு. ரேடியோவுல தாவுறதைக் காட்ட முடியாது. கிளம்பும்போது ஒரு வசனம், பின்னாடி 'உய்ய்ய்'னு காத்துச் சத்தம், முடிஞ்சது வேலை. 1941ல ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோ கார்ட்டூன் எடுத்தாங்க. ஒரு ஆளு தவ்வித் தவ்விப் போறது திரையில பார்க்க நல்லா இல்லைன்னு அங்கேயும் பறக்க விட்டதா சொல்லப்படுது. சூப்பர்மேன் பறந்ததுக்குக் காரணம் கிரிப்டான் கிரகம் இல்லை, மைக்கும் கேமராவும்தான்.

அதுக்கப்புறம் பிடிக்கவே முடியலை. 1950, 60கள்ல கிரகங்களையே நகர்த்தினார், ஒளியைத் தாண்டிப் பறந்து பழைய காலத்துக்கே போயிட்டு வந்தார். 1967ல ஃப்ளாஷோட முதல் ஓட்டப் பந்தயம் நடந்துச்சு. அந்தக் கதையை எழுதின ஜிம் ஷூட்டருக்கு அப்போ 15 வயசு. அதாவது, இந்தச் சண்டையைப் போடுற வயசு! ரெண்டு கும்பல் பந்தயத்து மேல பணம் கட்டியிருக்க, ரெண்டு பேருமே ஜெயிக்கக் கூடாதுன்னு ஹீரோக்கள் வேணும்னே ஒண்ணா வந்து முடிச்சுடுவாங்க. தெளிவா ஒரு முடிவு வர 1970 ஆச்சு, ஃப்ளாஷ் மயிரிழையில ஜெயிச்சார்.

1978 படம் இன்னொரு பெரிய சண்டை. லோயிஸ் செத்ததும் பூமியைச் சுத்திச் சுத்திப் பறப்பாரே, அப்போ பூமியைத் திருப்பிச் சுத்த வெச்சாரா, இல்லை ஒளியைத் தாண்டினதால காலம் பின்னாடி போய், நமக்கு அப்படித் தெரிஞ்சுதா? ரெண்டு கட்சியும் இயற்பியலைப் பேசும். ஆனா அந்த முடிவு முதல்ல ரெண்டாம் பாகத்துக்காக யோசிச்சது. முதல் படத்துக்கு ஒரு பெரிய கிளைமாக்ஸ் தேவைப்பட்டதால இங்க வந்துடுச்சு.

சக்தி ஏறினா கதை சொல்ல முடியாது. எல்லாத்தையும் ஜெயிக்கிற ஆளைப் பத்தி நாம ஏன் கவலைப்படணும்? அதனால 1971ல டென்னிஸ் ஓ'நீல் குறைச்சார். மறுபடி ஏறிடுச்சு. 1986ல ஜான் பைர்ன் இன்னொரு தடவை குறைச்சார். 2025ல வந்த ஜேம்ஸ் கன் படம், ஆரம்பத்துலேயே அவரைத் தோக்கடிச்சுப் பனியில கிடத்துது.

இந்த எண்களுக்கு நடுவுல யாரும் சொல்லாத ஒரு எண் இருக்கு: 130 டாலர். 1938ல ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்னு ரெண்டு பேரு அந்தத் தொகைக்கு சூப்பர்மேனோட உரிமையை எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் அப்போ 23 வயசு. சூப்பர்மேன் கிரகங்களைத் தள்ளிக்கிட்டிருந்த காலம் முழுக்க, அதுல அவங்களுக்கு உரிமை இல்லை. சீகல் குமாஸ்தா வேலைக்குப் போனார், ஷஸ்டருக்குக் கண்பார்வை மங்கிப் போச்சு. படம் வரப் போகுதுன்னதும் சீகல் பொதுவுல முறையிட்டார், மத்த ஓவியர்களும் கூட நின்னாங்க. 1975 கடைசியில ஆளுக்கு வருஷம் 20,000 டாலர், கூடவே அவங்க பேரையும் போடறதுன்னு முடிவாச்சு.

அதனால அடுத்த தடவை யாராவது "சூப்பர்மேன் எவ்ளோ வேகம்?"னு கேட்டா, "எந்த வருஷத்துல, யார் எழுதினப்போ?"ன்னு திருப்பிக் கேளுங்க. அந்த வேகம் ஒவ்வொண்ணும் ஒரு மேஜையில உக்காந்து யாரோ ஒருத்தர் முடிவு பண்ணினது. அதுல முதல் ரெண்டு பேருக்கு, தங்களோட பேரைத் திரும்ப வாங்கவே 37 வருஷம் ஆச்சு.