விலங்கியல் முனைவர் பட்ட ஆய்வு (இந்தியா)

விலங்குகளின் உடலமைப்பு, நடத்தை, வாழிடம், மரபியல் ஆகியவற்றில் ஒன்றை எடுத்து, பெரும்பாலும் முதுகலைக்குப் பின் மேற்கொள்ளும் ஆராய்ச்சிப் படிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போது முனைவர் பட்டமே நேரடி வழி. குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 6 ஆண்டு, நீட்டிப்புக்கும் இடமுண்டு. உதவித்தொகைக்கு உயிர் அறிவியல் 'நெட்' தேர்வே பெரும்பாலோரின் வாசல்.

படிப்பின் உயிர் களத்தில்தான் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உள்ளது. இத்தகைய கழிமுகங்களில் அடிமண் உயிரிகளை ஆராய்பவர் சேற்றை அள்ளி, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசுவார். தங்கும் புழுக்களையும் சிறு சிப்பிகளையும் ஃபார்மலினில் இட்டு, ரோஸ் பெங்கால் சாயம் சேர்ப்பார். உயிரிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்து இனங்காண வேண்டும். இந்தப் பொறுமைக்கு மாற்று கிடையாது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள விலங்கைப் பிடிக்க முன் அனுமதி கட்டாயம். ஆய்வகத்தில் முதுகெலும்பிகளைப் பயன்படுத்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆய்வேடு வெளித் தேர்வாளர்களின் மதிப்பீட்டைக் கடந்ததும் வாய்மொழித் தேர்வு நடக்கும்.