பத்து ஓட்டும் ஒரு கோட்டும்

காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் முடிந்துவிட்டது. எப்படி எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள் :-)

எங்கள் டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி பதவிக்கு யாரை நிறுத்துவது என்று ஹாஸ்டலில் பெரிய சண்டை. ஒருத்தன் மூன்று வருஷமாக உண்மையாக உழைத்தவன், ஆனால் மைக்கைப் பிடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்னொருத்தன் எல்லாருக்கும் தெரிந்த முகம், சிரித்தாலே நாற்பது ஓட்டு விழும். ‘நமக்குப் பிடிச்ச ஆளா, ஜெயிக்கிற ஆளா?’ என்று ராத்திரி இரண்டு மணி வரை கத்தினோம். முடிவு வரவில்லை. தூக்கமும் வராததால் ஒரு பழைய கதையைத் தோண்ட ஆரம்பித்தேன். இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய கட்சி பதினெட்டு வருஷம் ஆட்சிக்கு வெளியே நின்றிருக்கிறது. பிரிட்டனின் லேபர் கட்சி, அதாவது தொழிலாளர் கட்சி.

நமக்கும் அந்தக் கட்சிக்கும் கொஞ்சம் உறவு உண்டு. 1947ல் இந்தியாவுக்கும் 1948ல் இலங்கைக்கும் சுதந்திரம் வந்தபோது லண்டனில் இருந்தது அட்லியின் லேபர் அரசுதான். வி.கே. கிருஷ்ண மேனன் லண்டனில் அந்தக் கட்சியின் கவுன்சிலராகவே இருந்திருக்கிறார். இந்தக் கதையின் நாயகன் மைக்கேல் ஃபுட், மேனனின் நண்பர், இந்தியா லீக்கில் வேலை செய்தவர். (இந்திரா காந்தியின் எமர்ஜென்சிக்குப் பரிந்து பேசியவரும் இவரே. நாயகன் என்றதும் கோயில் கட்டிவிடாதீர்கள்.)

1979 மார்ச் 28. ஜேம்ஸ் காலஹனின் லேபர் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. 311க்கு 310. ஒரே ஒரு ஓட்டு! அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தங்கள். குப்பை அள்ளவில்லை, லிவர்பூலில் பிணம் புதைக்கக்கூட ஆள் இல்லை. வேலைநிறுத்தம் செய்தவை அந்தக் கட்சிக்கே பணம் கொடுத்து வளர்த்த யூனியன்கள் என்பதுதான் கொடுமை. மே மாதத் தேர்தலில் மார்கரெட் தாட்சர் ஜெயித்தார், லேபருக்கு 269 இடம்.

தோற்ற கட்சியில் முதலில் கிளம்புவது ‘யார் காரணம்?’ என்ற சண்டை. லேபரில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு கோஷ்டி, ‘ரொம்ப இடது பக்கம் போனோம், மக்கள் பயந்துட்டாங்க’ என்றது. இன்னொரு கோஷ்டி, ‘ஆட்சியில் இருந்தபோது சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தி, 1976ல் ஐ.எம்.எஃப்.பிடம் கடன் வாங்கிச் செலவை வெட்டி, சொந்தத் தொழிலாளியையே ஏமாத்தினீங்க, அதனால்தான் தோத்தோம்’ என்றது. இரண்டிலும் உண்மை இருந்தது. அதனால்தான் சண்டை தீரவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் முழுப் பொய்யாக இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

இரண்டாவது கோஷ்டியின் முகம் டோனி பென். பிரபு வம்சத்துப் பிள்ளை. அப்பாவிடமிருந்து வந்த பட்டத்தால் எம்.பி. பதவி பறிபோனபோது, பட்டத்தையே துறக்க வழிசெய்யும் சட்டம் 1963ல் வரும்வரை போராடியவர். அவர் கேட்டது இதுதான்: மாநாட்டில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றும் கொள்கையைத் தலைவர்கள் ஏன் ஆட்சிக்கு வந்ததும் தூக்கிப் போடுகிறார்கள்? தலைவரை எம்.பி.க்கள் மட்டும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

காமர்ஸ் படிப்பவன் என்பதால் எனக்கு இது கம்பெனிச் சண்டையாகவே தெரிகிறது. எம்.பி.க்கள்தான் டைரக்டர்கள். கட்சி உறுப்பினரும் யூனியனும் ஷேர்ஹோல்டர்கள். ஷேர்ஹோல்டர் ‘கம்பெனி என்னுது’ என்கிறான். டைரக்டர் ‘சரக்கு வாங்குற கஸ்டமர் யாருன்னு எனக்குத்தான் தெரியும்’ என்கிறான். கஸ்டமரோ, அதாவது சாதாரண வாக்காளர், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்.

1980 அக்டோபரில் காலஹன் தலைமையிலிருந்து விலகினார். தேர்வு விதி மாறப்போகிறது என்று மாநாடு அப்போதுதான் தீர்மானம் போட்டிருந்தது. பழைய விதியிலேயே, எம்.பி.க்கள் மட்டும் ஓட்டுப் போட்டு, டெனிஸ் ஹீலி வந்துவிடுவார் என்ற கணக்கு. ஹீலி நிதி அமைச்சராக இருந்தவர், அசாத்திய அறிவாளி, மக்களிடம் நல்ல பெயர். ஆனால் எதிரில் நிற்பவரை முட்டாள் என்று நினைத்தால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள்.

முதல் சுற்றில் ஹீலி 112, மைக்கேல் ஃபுட் 83. மீதி ஓட்டு சில்கினுக்கும் ஷோருக்கும் பிரிந்தது. இரண்டாவது சுற்றில் ஃபுட் 139, ஹீலி 129.

பத்து ஓட்டு. ஆறு பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஹீலி.

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒன்று. கட்சியை விட்டுப் போவதென்று மனதுக்குள் முடிவு செய்துவிட்ட வலதுசாரி எம்.பி.க்கள் சிலர், கட்சி நாசமாகட்டும் என்றே ஃபுட்டுக்குப் போட்டார்கள் என்ற பேச்சு உண்டு. அப்படிப் போட்டதாகப் பிறகு ஒருவர் ஒப்புக்கொண்டும் இருக்கிறார். எத்தனை பேர் என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம். ஆனால் வித்தியாசமே பத்து எனும்போது ஒவ்வொன்றும் கனக்கிறது, இல்லையா?

ஃபுட்டுக்கு அப்போது 67 வயது. பத்திரிகையாளர், புத்தகப் பைத்தியம், பிரமாதமான பேச்சாளர், அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தின் ஆரம்பகாலத் தூண். கட்சியில் அவரை வெறுத்தவர் குறைவு. பிளவைத் தடுப்பார் என்ற நம்பிக்கையில் நல்ல மனதோடும் பலர் அவருக்குப் போட்டார்கள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1981 ஜனவரி 24ல் வெம்ப்ளியில் சிறப்பு மாநாடு கூடி விதியை மாற்றியது. இனி தலைவர் தேர்தலில் யூனியன்களுக்கு 40 சதவீதம், எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30. மறுநாளே ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் என்ற நான்கு முன்னாள் அமைச்சர்கள் தனி வழி போவதாக அறிக்கை விட்டார்கள். மார்ச்சில் சோஷியல் டெமாக்ரடிக் பார்ட்டி பிறந்தது. மொத்தத்தில் 28 லேபர் எம்.பி.க்கள் அதற்குத் தாவினார்கள்.

சரி, போனவர்கள் போனார்கள், இருப்பவர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா? அதுவும் இல்லை. துணைத் தலைவர் பதவிக்கு ஹீலியை எதிர்த்து பென் நின்றார். வேண்டாம் என்று ஃபுட் கெஞ்சியும் கேட்கவில்லை. அந்த வருஷம் வசந்தத்திலிருந்து செப்டம்பர் வரை லேபர் லேபரோடுதான் சண்டை போட்டது, தாட்சரோடு இல்லை. அப்போது வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை முப்பது லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யூனியன் ஓட்டு விழுந்த விதம் தனிக் கூத்து. ஒரு யூனியன் மொத்தமாக ஒரே ஓட்டாகத்தான் போடும், உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான பேரும் ஒரே பக்கம் என்று கணக்கு. பெரிய போக்குவரத்துத் தொழிலாளர் யூனியன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது ஹீலி பக்கம் சாய்வு தெரிந்தது. மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளோ இரண்டாவது சுற்றில் பென்னுக்குப் போட்டார்கள். பொதுத்துறை ஊழியர் யூனியன் ஒன்றில் நேர்மாறு. தலைவர்கள் இடதுசாரிகள், ஆனால் உறுப்பினர்களிடம் ஓட்டு எடுத்தால் ஹீலி! கட்சியை ஜனநாயகமாக்கப் போராடியவருக்கு, உறுப்பினர்களை நேரடியாகக் கேட்காத இடத்தில் அதிக லாபம். இந்த முரணை பென் ஆதரவாளர்கள் ஒழுங்காக எதிர்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

முடிவு: ஹீலி 50.4, பென் 49.6. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். பென்னுக்குப் போட்டிருக்க வேண்டிய இடதுசாரி எம்.பி.க்கள் சிலர் கடைசிச் சுற்றில் யாருக்கும் போடாமல் ஒதுங்கியதே காரணம். ஒதுங்கியவர்களில் ஒருவர் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி மகன், நீல் கின்னக். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோட்டுக்கு வருவோம். 1981 நவம்பரில் போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். எல்லாத் தலைவர்களும் கறுப்பு ஓவர்கோட்டில் விறைப்பாக நிற்க, ஃபுட் பச்சை நிறத்தில் ஒரு குட்டைக் கோட்டோடு வந்துவிட்டார். கட்டிட வேலைக்காரர்கள் போடும் ‘டாங்கி ஜாக்கெட்’டில் வந்துவிட்டார், வீரர்களுக்கு அவமரியாதை என்று பத்திரிகைகள் கிழித்தன. உண்மையில் அது மனைவி ஜில் க்ரேகி அவருக்காக ஹாரட்ஸ் கடையில் வாங்கியது. ராஜமாதாகூட நல்ல கோட்டு என்று பாராட்டியதாக ஃபுட் சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்? 1930களிலிருந்து பாசிசத்தை எதிர்த்து எழுதிய மனிதர், வாழ்நாள் முழுக்க அந்தக் கோட்டாலேயே அறியப்பட்டார். எங்கள் மார்க்கெட்டிங் பேப்பரில் ‘பேக்கேஜிங்’ என்று ஒரு சாப்டர் இருக்கிறது. படிக்கும்போது ஜாலியாகத்தான் இருந்தது.

1982ல் ஃபாக்லாந்து போர் வந்தது. தாட்சர் ஜெயித்தார். 1983 ஜூன் தேர்தலுக்கு லேபர் கொண்டுவந்த அறிக்கையில் எல்லாம் இருந்தது: அணு ஆயுதத்தைக் கைவிடுவது, ஐரோப்பியச் சமூகத்திலிருந்து வெளியேறுவது, பிரபுக்கள் சபையை ஒழிப்பது. ‘வரலாற்றிலேயே மிக நீளமான தற்கொலைக் கடிதம்’ என்று அதைக் கிண்டலடித்தவர் ஜெரால்ட் காஃப்மன், அவரும் லேபர் எம்.பி.தான். பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே முன்னாள் பிரதமர் காலஹன் கட்சியின் அணு ஆயுதக் கொள்கைக்கு எதிராகப் பேசினார்.

லேபருக்கு 27.6 சதவீதம், 209 இடம். பிரிந்து போனவர்கள் லிபரல் கட்சியோடு சேர்ந்து 25.4 சதவீதம் வாங்கினார்கள், ஆனால் கிடைத்தது 23 இடம். நம் ஊர் போலவே அங்கும் தொகுதியில் முதலில் வருபவருக்கே சீட்டு என்பதால் வந்த வினை. அந்த விதி மட்டும் இல்லாதிருந்தால் இடங்களிலும் அவர்கள் லேபரை நெருங்கியிருப்பார்கள். ஹீலி தலைவராக இருந்தால் ஜெயித்திருப்பாரா? ஃபாக்லாந்துக்குப் பிறகு யாராலும் முடிந்திருக்காது என்பதே என் எண்ணம். ஆனால் கட்சி உடைந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

பென் பிரிஸ்டலில் தன் சீட்டையே இழந்தார். அதே தேர்தலில், அந்தப் படுதோல்வியில், புதிதாக உள்ளே வந்த லேபர் எம்.பி.க்களில் மூன்று பேர்: டோனி பிளேர், கார்டன் பிரவுன், ஜெரமி கார்பின்.

கின்னக் 41 வயதில் தலைவரானார். வெம்ப்ளியில் இடதுசாரிகள் போராடி வாங்கிய அதே புது விதியில், 71 சதவீதத்தோடு. 1985ல் போர்ன்மவுத் மாநாட்டில், லிவர்பூல் நகரசபையைக் கையில் வைத்திருந்த ‘மிலிடன்ட்’ கோஷ்டியை மேடையிலிருந்தே வெளுத்தார். ஒரு லேபர் நகரசபை, வாடகை டாக்ஸியில் ஆள் அனுப்பித் தன் சொந்த ஊழியர்களுக்கே வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்த கேவலத்தைச் சொல்லிச் சொல்லிக் குரல் உடைந்தது. லிவர்பூல் எம்.பி. எரிக் ஹெஃபர் மேடையை விட்டு எழுந்து போனார். வீடியோ கிடைத்தால் பாருங்கள், மயிர்க்கூச்செறியும்.

பிறகு செங்கொடிச் சின்னம் போய் சிவப்பு ரோஜா வந்தது. வாழ்நாள் நம்பிக்கையான அணு ஆயுத எதிர்ப்பையும் கின்னக் 1989ல் விட்டுக்கொடுத்தார். பழைய தோழர்கள் துரோகி என்றார்கள், எதிர்த் தரப்பு நடிப்பு என்றது. 1987ல் தோல்வி. 1992ல் ஜெயித்துவிடலாம் என்றே கருத்துக்கணிப்புகள் காட்டின. ஜான் மேஜர் ஒரு கோடியே நாற்பது லட்சம் ஓட்டு வாங்கி மறுபடி பிரதமரானார். வீட்டைப் பெருக்கி, வெள்ளையடித்து, பத்திரத்தையும் சரிபண்ணிய ஆள் அதில் ஒரு நாள்கூடக் குடியிருக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பாவமாகத் தெரிவது ஃபுட் இல்லை, கின்னக்தான்.

மீதி உங்களுக்கே தெரிந்திருக்கும். ஜான் ஸ்மித் தலைவராகி 1994 மே மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிளேர் வந்தார், பொதுவுடைமை பற்றிய 1918ஆம் வருஷத்துப் பிரிவை 1995ல் மாற்றினார், 1997ல் 418 இடம். 2005ல் மூன்றாவது முறை ஜெயித்தபோது, ஈராக் போருக்குப் பிறகு, ஓட்டு ஒரு கோடியே 35 லட்சத்திலிருந்து 95 லட்சமாகத் தேய்ந்திருந்தது. யூனியன் பிடியைத் தளர்த்தவென்று 2014ல் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று விதியை மாற்றினார்கள். சும்மா விவாதத்துக்கு இருக்கட்டும் என்று சில எம்.பி.க்கள் கையெழுத்துப் போட்டு 2015ல் கார்பினை நிற்க வைத்தார்கள், அவர் 59.5 சதவீதத்தில் ஜெயித்தார். அடுத்த வருஷம் அதே எம்.பி.க்கள் 172க்கு 40 என்று அவர்மேல் நம்பிக்கையில்லை என்றார்கள். உறுப்பினர்கள் அவரை இன்னும் அதிக ஓட்டில் திருப்பி அனுப்பினார்கள். டைரக்டர், ஷேர்ஹோல்டர் சண்டை, பார்ட் டூ!

கடைசியாக மூன்று எண்கள். 2017ல் கார்பின் தலைமையில் லேபர் வாங்கியது ஒரு கோடியே 28 லட்சம் ஓட்டு, தோல்வி. 2019ல் அவரே ஒரு கோடியே இரண்டு லட்சம், 202 இடம், 1935க்குப் பிறகு இல்லாத அடி. 2024ல் கியர் ஸ்டார்மர் தலைமையில் 97 லட்சம் மட்டும், 411 இடம், ஆட்சி. ஓட்டு குறைந்தும் ஜெயித்தார்கள், ஏனென்றால் எதிரில் இருந்தவர்களின் ஓட்டு சிதறியிருந்தது. அந்தத் தேர்தலில், 1983லிருந்து வைத்திருந்த அதே இஸ்லிங்டன் நார்த் தொகுதியில், கட்சிக்கு வெளியே சுயேச்சையாக நின்று கார்பினும் ஜெயித்தார்.

ஃபுட் 2010 மார்ச்சில் 96 வயதில் காலமானார். அந்தக் கோட்டு மான்செஸ்டரில் மக்கள் வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது.

எங்கள் அசோசியேஷன் நாமினேஷனுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். ரூமில் சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் யாருக்குக் கையெழுத்துப் போடுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.